கொளத்தூருக்கு வந்த திருப்புலி நாட்டுச் சேவல்

ஒன்றரை மாதம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு, கை கொள்ளாத மூட்டைகளோடு மூன்று மாடி ஏறி வந்து நின்றால், சொந்த வீட்டுப் பூட்டு திறக்க மாட்டேன் என்கிறது. லிஃப்டில் "பழுது" என்று ஒட்டியிருந்தார்கள். நாங்கள் ஊருக்குக் கிளம்பும்போது ஒட்டியிருந்த அதே தாள். "கொஞ்சம் எண்ணெய் விட்டா தொறந்துடும்" என்றார் என் வீட்டுக்காரர். எண்ணெய் வீட்டுக்குள் இருக்கிறது, வீடு பூட்டியிருக்கிறது. "இருங்க, இடுப்புல சொருகி வெச்சிருக்கேன், எடுத்துத் தரேன்" என்றேன். கோபம் வந்தால் எனக்கு இப்படித்தான் பேச்சு வரும். அவருக்கு அது எப்போதோ பழகிவிட்டது. சாவியைத் தன் தலைமுடியில் நாலு தேய் தேய்த்து, மறுபடி விட்டுத் திருகினார். திறந்துகொண்டது.

உள்ளே போனதும் முதல் வேலையாகக் கூடையை இறக்கினேன். பச்சையும் வெள்ளையுமாகப் பின்னிய வயர் கூடை. அதற்குள் ஒரு சேவல். வாழைநாரில் கால் கட்டி, கழுத்து மட்டும் வெளியே தெரிய, கொல்லிமலையிலிருந்து சென்னை வரைக்கும் அது ஒரு சத்தம் போடவில்லை. எழுபது வளைவு இறங்குவதற்குள் எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு இவர் போட்ட சத்தத்தில் பாதிகூட இல்லை. கண்டக்டர் அதற்கும் ஒரு டிக்கெட் கிழித்தபோது மட்டும் தலையைத் திருப்பி அவரை ஒரு பார்வை பார்த்தது. செக்கச்செவேல் என்று கழுத்து, கருப்பு வால், கொண்டையின் ஓரத்தில் மட்டும் ஒரு சின்னக் கிழிசல். பார்க்க லட்சணமான சேவல்தான்.

வீடு கிடந்த கோலத்தைச் சொல்லி மாளாது. பால்கனியில் கறிவேப்பிலைச் செடி குச்சியாக நின்றது. ஃபிரிட்ஜைத் திறந்தேன், உடனே மூடினேன். குழாயில் காற்றுதான் வந்தது, தண்ணீர் லாரி காலையில்தான் வருமாம். வெளியே மெட்ரோவுக்குத் தோண்டுகிற மெஷின் இன்னும் அதே இடத்தில் அதே சுருதியில் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு என்னவோ சிரிப்பு வந்தது. எல்லாருக்கும் ஊருக்குப் போய்விட்டுத் திரும்பினால் முகம் செத்துப் போகும். எனக்கு அப்படியில்லை. என் சமையலறை, என் விசிறி, என் தலையணை என்று நினைக்கவே சந்தோஷமாக இருந்தது.

நான் பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர். வருஷம் பூராவும் பிள்ளைகளோடு கத்திவிட்டு, மே மாதம் வந்தால் சொந்தக்காரர்களோடு கத்தக் கிளம்பிவிடுவேன். இந்த முறை ஒரு வீடு விடவில்லை. கோயம்புத்தூரில் பெரியம்மா மகள் வீட்டுக் கல்யாணம். அங்கிருந்து பெங்களூரில் இவருடைய தம்பி வீடு, அங்கே பத்து நாள் மழையை வேடிக்கை பார்த்தோம். கடைசியாகக் கொல்லிமலை. என் பிறந்த வீடு திருப்புலி நாட்டில். இப்போது அங்கே என் தம்பியும் அவன் பெண்டாட்டியும்தான். கொஞ்சம் சாமை, கொஞ்சம் மரவள்ளி, மரத்தில் ஏற்றிவிட்ட மிளகுக்கொடி என்று அவர்கள் பாடு ஓடுகிறது.

சித்தப்பா பெரியப்பா பிள்ளைகள் அத்தனை பேரும் இந்த வருஷம்தான் ஒன்றாகக் கூடினோம். ஒருநாள் வண்டி பிடித்து வாசலூர்பட்டி ஏரிக்குப் போனோம். இரண்டு பேர் மிதிக்கிற படகில் நானும் பெரியப்பா மகனும் ஏறினோம். அவன் என்னைவிட மூன்று மாசம் மூத்தவன், அதனால் அவன் சொல்கிற பக்கம்தான் படகு போகவேண்டுமாம். நான் விடுவேனா? அவன் ஒரு பக்கம் திருப்ப, நான் ஒரு பக்கம் திருப்ப, படகு நடு ஏரியில் நின்ற இடத்திலேயே சுற்றியது. கரையில் மொத்தக் கும்பலும் கைதட்டிச் சிரித்தது. கடைசியில் காவலாளி விசிலடித்துக் கூப்பிட்ட பிறகுதான் கரைக்கு வந்தோம்.

தம்பி பெண்டாட்டி மட்டும் அன்றைக்கு வரவில்லை. ஏழு மாசம். போன வருஷம் ஒன்று ஐந்தாம் மாசத்தில் தங்காமல் போய்விட்டது. அதைப் பற்றி வீட்டில் யாரும் வாயைத் திறப்பதில்லை. அவள் அதிகம் பேசாதவள். நான் பத்து வாக்கியம் பேசினால் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு "ஆமாங்க அண்ணி" வரும். "நீ அடுப்படிக்கு வராத கண்ணு, நான் பாத்துக்கறேன்" என்றால் "ஆமாங்க அண்ணி" என்று சொல்லிக்கொண்டே அடுப்புக்கு விறகு தள்ளுவாள். எனக்கு அவளைப் பிடிக்கும், ஆனால் அவளுக்கு என்னைப் பிடிக்குமா என்று ஒரு நாளும் பிடிபட்டதில்லை.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. பிறந்த வீட்டுக்கு வந்த பெண் திரும்பும்போது வெறுங்கையோடு போகக்கூடாது. பலாப்பழம், அன்னாசி, மிளகு இதெல்லாம் கை நிறைய இருந்தாலும் வெறுங்கைதான். உயிருள்ள ஒன்று கூடவே போகவேண்டும். என் அத்தைமார் காலத்தில் கன்றுக்குட்டியே போனதாம். என் காலத்தில், நான் வாக்கப்பட்ட இடம் அடுக்குமாடிக் குடியிருப்பு என்பதால், கோழியோடு நிறுத்திக்கொண்டார்கள். அதையும் நான் வழக்கமாக நாமக்கல்லில் இருக்கிற சித்தி வீட்டில் கொடுத்து அடித்துச் சாப்பிட்டுவிட்டுத்தான் ரயிலேறுவேன். இந்த வருஷம் சித்தி வீடு பூட்டியிருந்தது. அதனால்தான் உயிரோடு கொளத்தூர் வரைக்கும்.

கிளம்பிய அன்று நடந்ததையும் சொல்லிவிட வேண்டும். ஊர் முக்குக்கு முதல் பஸ் விடிவதற்கு முன்பே வந்துவிடும். கரண்ட் இல்லை. வாசலில் கவிழ்த்திருந்த பஞ்சாரத்துக்குள் தம்பி கையை விட்டுத் துழாவினான். உள்ளே ஒரே அடையில் பொரிந்த இரண்டு சேவல், நிறமும் ஒன்று, உருவமும் ஒன்று. "இதுதான் அக்கா, உனக்குன்னே வளர்த்துனது" என்று ஒன்றை இழுத்துக் கால் கட்டிக் கூடைக்குள் திணித்தான். பஸ் ஹாரன் அடித்தது. அப்போது அவன் பெண்டாட்டி செல்போன் லைட்டைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். வெளிச்சம் கூடைமேல் விழுந்தது. அவள் வாய் திறந்தது, என்னவோ சொல்லப் போகிறாள் என்று நின்றேன். மூடிக்கொண்டாள். "பத்திரமா போய்ட்டு வாங்க அண்ணி" என்று சொல்லிவிட்டு வெடுக்கென்று உள்ளே போய்விட்டாள். பஸ் வரைக்கும்கூட வரவில்லை.

எனக்குப் பொசுக்கென்று ஆகிவிட்டது. ஒரு சேவலுக்கா இந்த மூஞ்சி? முதல் வளைவில் ஆரம்பித்தேன். "பாத்தீங்களா, நாத்தனாருக்கு ஒரு சேவல் போகுதுன்னதும் மூஞ்சிய எப்படித் தூக்கி வெச்சுக்கிட்டான்னு? நான் என்ன கேட்டா வாங்கினேன்?" கடைசி வளைவு வரைக்கும் விடவில்லை. இவர் எலுமிச்சம்பழத்தை எடுக்காமலே "உம், உம்" என்று கேட்டுக்கொண்டு வந்தார். அவருடைய யோசனையெல்லாம் ஞாயிற்றுக்கிழமைக் குழம்பைப் பற்றியதாக இருந்தது.

சேவலைக் குளியலறையில் விட்டோம். மறுநாள் விடியற்காலை நாலு மணிக்கு அது முதல்முறையாக வாயைத் திறந்தது பாருங்கள், அடடா! மலையில் கூவினால் நாலு காடு தாண்டிக் கேட்கவேண்டும் என்று கூவிப் பழகிய தொண்டை. இங்கே டைல்ஸ் ஒட்டின குளியலறை. மூன்று பிளாக்கும் எழுந்துவிட்டது. ஏழு மணிக்குக் குடியிருப்போர் வாட்ஸ்அப் குழுவில் செயலாளர் போட்டிருந்தார்: "யாரோ அலாரத்துக்கு சேவல் சத்தம் வைத்திருக்கிறீர்கள். தயவுசெய்து வால்யூமைக் குறைக்கவும்." அதற்குக் கீழே ஆளாளுக்கு ஒருவரை ஒருவர் சந்தேகப்பட்டிருந்தார்கள். என் வீட்டுக்காரர் என்ன செய்தார் தெரியுமா? "நானும் கண்டிக்கிறேன்" என்று எழுதிக் கீழே கும்பிடு போட்டார். நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததில் எனக்கு விக்கல் வந்துவிட்டது.

அதற்கடுத்த நாள் காலையில் கதவு தட்டுகிற சத்தம். எதிர்வீட்டுப் பெண். அவர்கள் குடிவந்து நாலு வருஷம் ஆகிறது. புருஷனுக்குப் பாரிமுனையில் பை வியாபாரம். லிஃப்டில் பார்த்தால் சிரிப்போம், பெருநாளைக்குப் பிரியாணி வரும், பொங்கலுக்குப் பொங்கல் போகும், அவ்வளவுதான். "டீச்சரம்மா, அந்தச் சேவல் உங்க ஊட்டுலதான் இருக்குதுங்களா?" என்றாள். நான் மாட்டிக்கொண்டோமே என்று முழிப்பதற்குப் பதிலாக அவள் வாயையே பார்த்தேன். ஊட்டுலயா? இருக்குதுங்களா? "ஏம்மா, உனக்கு எந்த ஊரு?" என்றேன். "சேந்தமங்கலமுங்க" என்றாள். மலைக்கு அடிவாரம்! எங்கள் மலையில் விளைகிற மிளகும் புளியும் வாங்குகிற கடைகளில் ஒன்று அவள் அப்பாவுடையது, அவள் பேச்சில் அத்தாவுடையது. நாலு வருஷம் எதிரெதிர் வீட்டில் இருந்துகொண்டு, இரண்டு பேரும் மெட்ராஸ் பேச்சுப் பேசி ஒருத்தரை ஒருத்தர் ஏமாற்றியிருக்கிறோம். அவளை உள்ளே இழுத்து உட்காரவைத்து, அன்னாசி அறுத்துக் கொடுத்து, மத்தியானம் வரைக்கும் பேசினோம். சேவல் கூவியதற்குத்தான் நன்றி சொல்லவேண்டும்.

பேச்சு வாக்கில் எங்கள் பெரிய கஷ்டத்தையும் சொன்னேன். இவருக்கு எறும்பை மிதிக்கவே கை கால் உதறும். நானோ சாப்பிடுவேனே தவிர, உயிரோடு இருக்கிறதன்மேல் கத்தி வைக்க மாட்டேன். "இதுக்குப் போயா யோசிக்கறீங்க? ஞாயித்துக்கெழமை காலையில அவர அனுப்பறேன்க்கா" என்றாள். டீச்சரம்மா அக்காவாகிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததிலிருந்து என் வீட்டுக்காரருக்கு இருப்புக் கொள்ளவில்லை. சின்ன வெங்காயம் உரித்தாயிற்று, மலை மிளகு வறுத்து அரைத்தாயிற்று, களிக்கு மாவு தயார். எதிர்வீட்டு அண்ணன் கத்தியைக் கழுவிக்கொண்டு பால்கனிக்கு வந்தார். அவள் சேவலைத் தூக்கி, இரண்டு இறக்கையையும் பின்னால் மடக்கிப் பிடித்தாள். பிடித்தவள் அப்படியே நின்றாள். "ஏனுங்க, இருங்க, இருங்க" என்றாள். இடது இறக்கைக்கு அடியில், இறகோடு சேர்த்துக் கட்டியிருந்தது ஒரு மஞ்சள் துணி. நகத்தளவு. அதில் முடிச்சு, முடிச்சுக்குள் ஒரு மஞ்சள் துண்டு.

"அக்கா, இது நேர்ந்துவிட்ட சேவலுங்க. சந்தையில இந்த மாதிரி துணி இருந்தா எங்க அத்தா எந்த வெலைக்கும் வாங்க மாட்டாரு. அடுத்தவங்க வேண்டுதல்ல கை வெக்கக்கூடாதுன்னுவாரு" என்றாள். அண்ணன் கத்தியைத் துடைத்து மடித்துவிட்டார். அந்த மலையில் பிறந்தவள் நான். மூன்று நாளாக அதற்குத் தீனி போட்டிருக்கிறேன், இறக்கையைத் தூக்கிப் பார்க்கத் தோன்றவில்லையே!

தம்பிக்குப் போன் போட்டேன். எங்கள் ஊரில் கோயில் மேட்டுக்கு ஏறினால்தான் டவர் கிடைக்கும். நாலாவது தடவை எடுத்தான். "டேய், சேவல் இறக்கையில மஞ்சத் துணி கட்டியிருக்குடா" என்றேன். மெதுவாக, "அக்கா... அடிச்சுட்டீங்களா?" என்றான். "இல்லடா, உசுரோட இருக்கு." அவன் விட்ட பெருமூச்சு போனிலேயே எனக்குக் காற்றடித்தது.

விஷயம் இதுதான். இந்தப் பிள்ளை வயிற்றில் தங்கியதும் தம்பி பெண்டாட்டி எங்கள் ஊர் பெரியசாமிக்கு வேண்டிக்கொண்டிருக்கிறாள். நல்லபடியாக ஏழாம் மாசம் வந்தால் சேவல் தருகிறேன் என்று. குஞ்சிலேயே ஒன்றுக்கு மஞ்சள் துணி கட்டி, தன் கையால் தீனி போட்டு வளர்த்தாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பொங்கல் வைத்து அதைச் செலுத்தவேண்டும். இந்த மடையன் இருட்டில் அதைத் தூக்கி எனக்குக் கொடுத்துவிட்டான். விடிந்ததும் பார்த்திருக்கிறான், பஞ்சாரத்தில் மிச்சமிருந்ததன் இறக்கையில் துணியைக் காணோம்.

"அப்பவே எனக்குச் சொல்ல வேண்டியதுதானே?" என்று கத்தினேன். "சொன்னா நீ கத்துவியே அக்கா" என்றான். கத்திக்கொண்டிருக்கும்போது அதற்கு என்ன பதில் சொல்வது? "அவளுக்கும் தெரியாது. இந்தச் சேவலுக்கு வேற மஞ்சத் துணி கட்டிட்டேன். ரெண்டும் ஒரே மாதிரி, யாருக்குத் தெரியப் போகுது? நீ மட்டும் சொல்லிராத" என்றான்.

"சாமிக்கே டூப்ளிகேட்டாடா?" என்றேன்.

"அவ ஒடைஞ்சு போயிருவா அக்கா. ராத்திரியெல்லாம் எந்திரிச்சு எந்திரிச்சு வயித்தத் தொட்டுப் பாக்கறா. புள்ள அசையலீன்னா என்னைய எழுப்பறா." எனக்குக் கோபமெல்லாம் போய்விட்டது.

போனை வைத்துவிட்டு உட்கார்ந்தேன். நான் அறிவியல் சொல்லிக்கொடுக்கிறவள். சேவல் மாறினால் வயிற்றுப் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது என்று எனக்குத் தெரியும், கரும்பலகையில் படம் போட்டு விளக்கவும் தெரியும். ஆனால் அவளுக்கு ஏதாவது ஒன்று ஆகி, என்றைக்காவது உண்மை தெரியவந்தால்? எந்த டாக்டர் எந்தக் காரணம் சொன்னாலும் அவள் இந்தச் சேவலைத்தான் நினைப்பாள். ஆயுசுக்கும் நினைப்பாள். என் தம்பியை மன்னிக்கமாட்டாள், தன்னையும் மன்னிக்கமாட்டாள். அதை நினைத்தபோது எனக்கு நிஜமாகவே பயமாக இருந்தது. சேவல் போய்ச் சேரவேண்டும், அவ்வளவுதான்.

யார் கொண்டுபோவது? மறுநாள் பள்ளிக்கூடம் திறக்கிறது. இவர் ஒன்றரை மாச லீவையும் தின்று தீர்த்துவிட்டு வந்திருக்கிறார், மறுபடி கேட்டால் ஆபீசில் அங்கேயே இருந்துகொள்ளச் சொல்வார்கள். நான் தலையில் கை வைத்துக்கொண்டிருந்தபோது எதிர்வீட்டுப் பெண், "குடுங்க, நான் கொண்டுட்டுப் போறேன்" என்றாள். வியாழக்கிழமை ராத்திரி பக்ரீத்துக்கு அவர்கள் சேந்தமங்கலம் போகிறார்கள். "உங்க தம்பி வெள்ளிக்கெழமை எறங்கி எங்க அத்தா கடைக்கு வந்தாப் போதும். என்ன ஒண்ணு, பெருநாளுக்கு ஆட்டோட சேத்துச் சேவலும் வருதுன்னு ஊட்டுல சந்தோசப்படுவாங்க. அதும்மேல கை வெக்கக்கூடாதுன்னு மொதல்லயே போன் பண்ணிச் சொல்லோணும்" என்று சிரித்தாள். அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். தம்பிக்கு மறுபடி போன் போட்டு, பெண்டாட்டியிடம் சொல்லாமல் வெள்ளிக்கிழமை இறங்கி வரச் சொன்னேன், காற்றிரைச்சலில் இரண்டு பேரும் கத்தித்தான் பேசினோம். அன்றைக்கு மத்தியானம் மிளகு மசாலாவில் கத்தரிக்காயைப் போட்டுக் கொதிக்கவிட்டேன். இவர் ஒவ்வொரு துண்டாகப் புரட்டிப் பார்த்துச் சாப்பிட்டார்.

வியாழன் வரைக்கும் நாலு நாள். இவருக்கும் சேவலுக்கும் என்ன சிநேகிதம் வந்ததோ, காலையில் அது கூவினதும் எழுந்துபோய்க் குளியலறைக் கதவில் நின்று பேசிக்கொண்டிருப்பார். "கொஞ்சம் அடக்கி வாசிப்பா, செகரெட்டரி எழுந்துடுவாரு" என்பது காதில் விழும். குழுவில் அலாரம் விசாரணை சூடு பிடித்து, முதல் மாடியில் இருக்கிற ஒரு பாவப்பட்ட கல்லூரிப் பையன்மேல் போய் நின்றது. எனக்குப் பள்ளிக்கூடத்தில் புது வகுப்பு, புது முகங்கள், போன வருஷம் தொலைத்த அதே டஸ்டர். ஒன்றும் ஓடவில்லை. பாடம் நடத்தும்போதே இடது இறக்கையும் மஞ்சள் துணியும்தான் கண்ணுக்குள் நின்றன.

வியாழக்கிழமை கூடையோடு வழியனுப்பினோம். வெள்ளிக்கிழமை தம்பியிடமிருந்து ஒரே ஒரு வரி வந்தது, சேவல் கைக்கு வந்துவிட்டது என்று. அப்புறம் ஒன்றுமில்லை. ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போன் போட்டேன், யாரும் கோயில் மேட்டில் இல்லை போலிருக்கிறது.

திங்கட்கிழமை சாயங்காலம் மணி அடித்தது. எதிர்வீட்டுப் பெண், ஊரிலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை. கையில் அதே பச்சை வெள்ளைக் கூடை. கூடைக்கு வெளியே செக்கச்செவேல் என்று அதே கழுத்து. "ஏம்மா, என்னாச்சு? வாங்க மாட்டேன்னுட்டாங்களா? பொங்கல் வெக்கலயா?" என்று அலறிவிட்டேன்.

"அய்யோ, கொண்டையப் பாருங்கக்கா" என்றாள். பார்த்தேன். முழுசான கொண்டை, கிழிசல் இல்லை. இது இன்னொன்று! "உங்க தம்பி அதை வாங்கிட்டு இதைக் குடுத்தாருங்க. பெருநாள் ஊட்டுல மூணு நாள் இருந்து உசுரோட வந்திருக்குது, ராசியான சேவல்தான். மீதிக் கதைய உங்க தம்பி சம்சாரமே சொல்வாங்களாம்."

அவள் சொல்லி வாய் மூடவில்லை, போன் அடித்தது. தம்பி பெண்டாட்டி. எடுத்ததுமே சிரிப்புச் சத்தம். அவள் சிரித்து நான் கேட்டதே அன்றைக்குத்தான்.

"நேத்துப் பொங்கல் வெச்சுச் சேவல் குடுத்தாச்சுங்க அண்ணி, நல்லபடியா முடிஞ்சுதுங்க" என்றாள். நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். "உங்க தம்பி வெள்ளிக்கெழம உரம் வாங்கப் போறேன்னு கெளம்புனாருங்க. கோயில் மேட்டுல நின்னு உங்ககூடப் போன்ல கத்துனது பாதி மலைக்குக் கேட்டுச்சு, எனக்குக் கேக்காதா? பஞ்சாரத்துல இருந்ததப் புடிச்சுக் கால் கட்டி அவர் கையில குடுத்தனுங்க. அத வாங்கிட்டு இத அண்ணிக்குக் குடுத்து உடுங்க, வெறுங்கையாப் போகாதீங்கன்னேன். மனுசன் அப்படியே நின்னுட்டாரு. சாயங்காலம் திரும்பி வாராரு, உரமூட்டை கூவிக்கிட்டே வருதுங்க!" மறுபடியும் சிரித்தாள்.

"அப்ப போன்லதான் உனக்கு விஷயம் தெரிஞ்சுதா கண்ணு?" என்றேன்.

"இல்லீங்க. அன்னிக்கே தெரியுமுங்க. லைட்டு அடிச்சப்பவே கொண்டையில கிழிசலப் பாத்துட்டேன்."

அந்த வாய் திறந்தது, மூடியது, வெடுக்கென்று உள்ளே போனது எல்லாம் ஒவ்வொன்றாக வந்து நின்றன. எழுபது வளைவுக்கும் அவளைத் திட்டிக்கொண்டு வந்த வாய் இது. "ஏன் கண்ணு, அப்பவே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எறக்கி வெச்சிருப்பேனே?"

"அதுக்குத்தானுங்க சொல்லல. பஸ்ஸு நின்னுட்டு இருக்குது. எறக்கி வெச்சுட்டு வெறுங்கையோட ஏறிப் போயிருப்பீங்க. பொறந்த ஊட்டுல இருந்து நீங்க வெறுங்கையாப் போலாமுங்களா? விடிஞ்சதும் கோயிலுக்குப் போயிச் சாமிகிட்டச் சொல்லிட்டனுங்க, என்ற சேவல் எங்க அண்ணி ஊட்டுக்குப் போயிருக்குது, அவங்க சாப்பிட்டா நீ சாப்பிட்ட மாதிரி வெச்சுக்கன்னு."

"பயமா இல்லையா கண்ணு உனக்கு?"

"ராத்திரியில பயந்தானுங்க" என்றாள். கொஞ்சம் நிறுத்தி, "ஆனா, அண்ணி தின்னு எங்க புள்ளைக்கு ஆகாமப் போயிருமுங்களா?" என்றாள்.

போனைக் காதில் வைத்துக்கொண்டே முந்தானையில் முகத்தைத் துடைத்தேன், துடைக்கத் துடைக்க வந்தது. அந்தப் பக்கம் காற்று மட்டும் கேட்டது, கோயில் மேட்டுக் காற்று. பிறகு நானே, "தொட்டில் போடும்போது வாரேன் கண்ணு, லீவு இல்லேன்னாலும் வாரேன்" என்றேன். "ஆமாங்க அண்ணி" என்றாள்.

என் வீட்டுக்காரர் ஆபீசிலிருந்து வந்தார். வந்தவர் கூடையைப் பார்த்தார், அழுது சிவந்த என் மூஞ்சியைப் பார்த்தார், மறுபடி கூடையைப் பார்த்தார். நடந்ததையெல்லாம் சொன்னேன். எல்லாவற்றையும் நின்றபடியே கேட்டுவிட்டு, சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே மெதுவாகக் கேட்டார்:

"அப்ப... இந்த ஞாயித்துக்கெழமை குழம்பு வெச்சிடலாமா?"

"முதல்ல இறக்கையைத் தூக்கிப் பாருங்க" என்றேன்.